தொட்டிலிலே அபினி!

தாய் மில்லுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையோ அழுகிறது. துளி அபினியை அதன் வாயில் வைப்பாள். பிள்ளை அசையாமல் தூங்கும்.

பம்பாய் மில் பகுதியில் ஒரு காலத்தில் இது வழக்கமாக இருந்தது. அதுவும் காதர்பேட்டையைப் போல நூலையும் துணியையும் நம்பிப் பிழைத்த இடம்தான். சில குழந்தைகள் தூக்கத்திலேயே கண் மூடின.

இந்தக் கொடுமையை ஆராய்ந்து எழுதியவர் டாக்டர் ராம்நாத் சோப்ரா.

அவர் 1882ல் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தான். கேம்பிரிட்ஜில் படித்து ராணுவ டாக்டரானார். 1921ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பேராசிரியரானார். மூலிகைகளை ஆராய்ந்தார். அபினி, கஞ்சாவுக்கு அடிமையானவர்களை நூற்றுக்கணக்கில் விசாரித்தார். பழக்கம் எப்படி வந்தது? வலிக்காகத் தின்றவர் உண்டு. உழைத்த களைப்புக்குத் தின்றவரும் உண்டு.

அப்பனின் போதை மகனுக்கும் ரத்தத்தில் வருமா? இந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. போதைப் பொருள் மரபணுவின் எழுத்தை மாற்றாமல், அதன் மேல் ரசாயனக் குறிகளைப் பதிக்கக்கூடும் என்கிறார்கள். 2013ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் வேடிக்கை நடந்தது. கொக்கெய்ன் பழகிய ஆண் எலிகளின் மகன்கள் அதைக் குறைவாகவே நாடின!

சோப்ரா அதைப் பார்க்க இல்லை. 1930ல் அரசாங்கம் அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்கு அவரே தலைவர். போலி மருந்துகளைத் தடுக்க 1940ல் சட்டம் வந்தது. மறு வருஷம் 'சர்' பட்டம் கிடைத்தது. பிறகு காஷ்மீர்ப் பக்கம் போய் மூலிகை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1973ல் தொண்ணூறாவது வயதில் காலமானார்.