எல்மர் கீத்

அமெரிக்க நாட்டில் மிசௌரி மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டில் பிறந்த எல்மர் கீத் என்பார் இளமையில் தீயிற் சிக்கினார். மடங்கி ஒட்டிப்போன கையை முறித்தே நேராக்கினராம். அத்தகையவர் பின்னாளிற் கைத்துப்பாக்கிக்கு ஆசானாக விளங்கினமை வியப்பே.

ஐடஹோ மலைநாட்டில் குதிரை பழக்கியும் வேட்டைக்காரருக்கு வழிகாட்டியும் சீவித்தார். இலேசான குண்டால் அடியுண்ட மான் உடனே மாளாது, புதரிற் புகுந்து நெடுநேரம் துடித்துச் சாகும். ஆதலின் துப்பாக்கியைத் தேர்கையில் குண்டின் வேகத்தினும் அதன் எடையையும் அகலத்தையுமே அவர் முதற்கண் நோக்கினார். கோல்ட் 45 ரிவால்வரில் மருந்தை மிகுத்திட்டபோது அதன் உருளை வெடித்தது. 44 ஸ்பெஷல் தோட்டா சற்றே மெலிதாதலின், அத்தகைய உருளையிற் சுவர் தடித்து நிற்குமென்று கண்டு அதனைக் கைக்கொண்டார். தட்டை மூக்கும் கூரிய விளிம்புமுடைய, ஏறக்குறைய 16 கிராம் ஈயக் குண்டொன்றையும் அதற்கெனத் தாமே வகுத்தார். பல்லாண்டு கம்பெனிகளை அவர் வற்புறுத்தியதன் பயனாக 1955-ஆம் ஆண்டிறுதியில் 44 மாக்னம் வெளிவந்தது.

அதனைக்கொண்டு 600 கஜ தூரத்தில் ஒரு மானை வீழ்த்தியதாக அவர் எழுதியதைப் பலர் நம்பிலர். தூரம் எவ்வாறாயினும் ஆகுக. பிறர் சுட்டுக் காயத்தோடு ஓடிய மானை அவர் போகவிடாததே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. 1984-ஆம் ஆண்டிற் காலஞ்சென்றார்.