ஆர்கன் பட்டறையில் பிறந்த ஆடும் இருக்கை: எட்வின் லிங்க் கதை



கணினியில் கார் பந்தயமும் விமான விளையாட்டும் ஆடும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், பிளைவுட் பலகை, பழைய கார் சீட், இரண்டு வைப்பர் மோட்டார் என்று ஒரு பட்டியல் உங்களிடம் வந்திருக்கும். திரையில் கார் வளைந்தால் இருக்கையும் சாயும்; விமானம் மூக்கைத் தூக்கினால் இருக்கையும் பின்னால் சரியும். அப்படி ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறார்கள். வேண்டாத வேலை என்று நீங்கள் சொல்வதற்கு முன், இந்த இருக்கையை முதலில் பிரபலமாக்கிய மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் கேளுங்கள்.

எட்வின் ஆல்பர்ட் லிங்க் 1904 ஜூலை 26-ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, நொடித்துப் போன ஒரு இசைக்கருவித் தொழிற்சாலையை அவருடைய தந்தை விலைக்கு வாங்கினார். அது நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன் ஊரில் இருந்தது. தானாக வாசிக்கும் பியானோவும், சினிமா தியேட்டர்களுக்கான பெரிய ஆர்கன்களும் அங்கே தயாராகின. நம் பஜனை மடத்து ஆர்மோனியத்தின் பின்பக்கத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல எத்தனையோ துருத்திகள், வால்வுகள், குழாய்கள் நடுவேதான் எட்வின் வளர்ந்தார்.

1920-இல், 16 வயதில், முதல் விமானப் பாடத்துக்குப் போனார். அந்த விமானம் சார்லி சாப்ளினின் சகோதரர் சிட்னி சாப்ளினின் நிறுவனத்துடையது. கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஓட்டியவர் வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே தவிர, பையனை ஒரு கைப்பிடியையும் தொட விடவில்லை. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்தாருக்கும் எட்டாத இந்தப் படிப்பைத் தரையிலேயே பாதி முடித்துவிட முடியாதா என்ற எண்ணம் பிறகு அவருக்கு வந்தது.

1927-இல் தொழிற்சாலையின் நிலவறையில் வேலையைத் தொடங்கினார். குட்டை இறக்கைகள் வைத்த ஒரு மரப்பெட்டி, உள்ளே ஓர் இருக்கை, ஒரு கைப்பிடி, கால் மிதிகள். பெட்டிக்கு அடியில் ஆர்கன் துருத்திகள். காற்றை மின்பம்பு உறிஞ்சினால் துருத்தி சுருங்கும், காற்றை விட்டால் விரியும். கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் அதற்குரிய வால்வு திறந்து பெட்டியும் இடப்பக்கம் சாயும். ஆர்கனில் ஓசை எழுப்பப் பயன்பட்ட காற்று, இங்கே ஆளைச் சுமந்து ஆடியது. 1929 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நம் ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவின் முதல் விமானி உரிமம் பெற்றது அதே ஆண்டு பிப்ரவரியில்தான்.

கருவி பயன்படுகிறதா என்று பார்க்கச் சகோதரர் ஜார்ஜை அதில் உட்கார வைத்தார். பெட்டியில் 6 மணி நேரப் பயிற்சி. பிறகு நிஜ விமானத்தில் வெறும் 42 நிமிடம். அதோடு ஜார்ஜ் தனியாகப் பறந்துவிட்டார்.

ஆனால் வாங்க ஆள் இல்லை. பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. ஆர்கன் தொழிலும் படுத்தது. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் பெட்டியை வாங்கின. காசு போட்டால் ஆடும் வேடிக்கைப் பொருளாக அது நின்றது. 1931-இல் அவர் மணந்த பத்திரிகையாளர் மரியன் கிளேட்டன் தொழிலின் நிர்வாகத்திலும் தோள்கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் தேவதானத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலையே தெரியாமல் மேகம் மூடியிருக்கும் அல்லவா? அதற்குள் விமானம் ஓட்டுபவருக்கு மேல், கீழ் தெரியாது. நம் உடம்பின் சமநிலையை உணர்த்துவது காதுக்குள் இருக்கும் திரவம் நிறைந்த மூன்று நுண்குழல்கள். விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் அந்தத் திரவமும் கூடவே சுழல ஆரம்பிக்கும். திரும்பும் உணர்வே மறைந்துவிடும். நேராகப் போகிறோம் என்று விமானி நம்பிக்கொண்டிருப்பார். விமானமோ சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். உடம்பு சொல்வதைத் தள்ளிவிட்டு, முன்னால் இருக்கும் கருவிகளின் முள்ளை நம்பப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் புத்தகம் படித்து வராது.

1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, தனியார் கம்பெனிகளிடமிருந்து விமானத் தபாலைப் பிடுங்கி ராணுவத்திடம் கொடுத்தது. மூடுபனியில் கருவிகளை நம்பி ஓட்டும் பயிற்சி ராணுவ விமானிகளுக்குப் போதவில்லை. அந்தச் சில மாதங்களில் 12 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய பெட்டி, பூங்காக்களில் காசு வாங்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

லிங்கின் கருவியைப் பார்க்க ராணுவ அதிகாரிகள் நியூவார்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அன்று மழையும் மூடுபனியும். இந்த வானிலையில் யாரும் வர முடியாது என்று கிளம்ப இருந்தவர்கள் முன்னால், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிவந்து இறங்கினார் லிங்க். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்று 3,500 டாலர் வீதம் 6 பெட்டிகள், ஆக 21,000 டாலருக்கு ஆர்டர் கிடைத்தது.

பிறகு பெட்டிக்கு மூடி வந்தது. பயிற்சி பெறுபவர் உள்ளே எதையும் பார்க்க முடியாமல், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவார். வெளியே ஆசிரியர் மேசையில், மூன்று சக்கரம் வைத்த ஒரு சிறு கருவி அவர் போன பாதையை வரைபடத்தில் மையால் கோடு போட்டுக்கொண்டே போகும். வங்கி லெட்ஜரைப் போல எந்தத் தப்பும் பதிவாகிவிடும். ஆனால் தப்புக்கு உயிர் போகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தகைய பெட்டிகள் 10,000 அளவில் தயாராகின. 5 லட்சம் விமானிகள் அவற்றில் பயின்றதாகக் கணக்கு. பின்னாளில் அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பழகிய சிமுலேட்டரையும் லிங்க் நிறுவனமே செய்தது.

1954-இல் கம்பெனியை விற்றுவிட்டு லிங்க் கடலுக்கடி ஆராய்ச்சிக்குப் போனார். 1973 ஜூனில், அவர் வடிவமைத்த சிறு நீர்மூழ்கி ஃபுளோரிடா அருகே மூழ்கிக் கிடந்த ஒரு பழைய போர்க்கப்பலின் கம்பிகளில் சிக்கியது. உள்ளே இருந்த நால்வரில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் லிங்கின் 31 வயது மகன் கிளேட்டன். மேலே கப்பலில் தந்தை காத்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் அத்துடன் எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருப்பார்கள். இவரோ, அப்படிச் சிக்கும் நீர்மூழ்கிகளை மீட்க உதவும் கேமரா பொருத்திய கருவியைச் செய்வதில் இறங்கினார். பிறர் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்பதற்கான வேலை அது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலமானார். பிங்ஹாம்டன் விமான நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

இன்று உங்கள் பிள்ளை செய்ய நினைக்கும் இருக்கையும் இதே தத்துவம்தான். இருக்கை பின்னால் சில டிகிரி சாய்ந்தாலே போதும். புவியீர்ப்பு முதுகை அழுத்தும், கண் திரையைப் பார்க்கும், கார் சீறிப் பாய்கிறது என்று மூளை நம்பிவிடும்.

ஆகவே தடுக்காதீர்கள், கூட உட்காருங்கள். கை எட்டும் தூரத்தில் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். மோட்டார், இணைப்புக் கம்பிகளின் இடுக்கில் சின்னக் குழந்தைகளின் விரல் போகாதபடி மூடி போடுங்கள். பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்த்த பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள். அடியில் கனமான ரப்பர் பாய் விரியுங்கள். உங்கள் வீட்டுத் தரை கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை அல்லவா? இரவில் அவர்கள் தூங்கட்டும். விமானம் காலையில் புறப்பட்டால் போதும்.