புடவை மூட்டையுடன் லயத்துக்குப் போன நடேசய்யர்

ஹட்டனில் குடியுரிமைக் கல்வி கற்பிக்கும் ஆசிரியன் நான். ஜனநாயகம், மனித உரிமைகள், பல்கலாசார சமூகம் என்று பாடநூலில் எல்லாம் இருக்கிறது. பண்டைய கிரேக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே நான் கோ. நடேசய்யரிலிருந்து ஆரம்பிப்பேன். எமது முஸ்லிம் பிள்ளைகளில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் வேறு சமூகத்தவர், நமக்கென்ன என்ற எண்ணம் வீட்டிலிருந்துதான் வருகிறது.

1887இல் பிறந்த தஞ்சாவூர்ப் பிராமணர் அவர். வணிகர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். கொழும்புக்கு முதலில் வந்ததும் அந்தத் தொடர்பில்தான். தோட்டத் தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்க விரும்பினார். அந்நாளில் தோட்டம் என்பது துரைமாரின் தனி இராச்சியம். அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறிய குற்றம். ஆனால் புடவை வியாபாரியை யாரும் சந்தேகிப்பதில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐயர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் மாறிவிடும். என் வாப்பாவின் வாப்பாவும் அப்படி மூட்டை தூக்கி லயம் லயமாக நடந்தவர்தான். அவருடையது வேஷமல்ல, பிழைப்பு.

பிறகு தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகைகள். 1925இல் சட்டசபை உறுப்பினரானார். சிங்களத் தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவோடு தோளோடு தோள் நின்றார். இந்திய வம்சாவளியினர் பற்றிய கேள்வி வந்தபோது அந்த உறவு நிலைக்கவில்லை. 1931இல் ஹட்டனிலேயே தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை அமைத்தார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய காரியம் சங்கமோ சபையோ அல்ல. தொழிற்சட்டங்களை எளிய தமிழில் எழுதி, சம்பளம், கடன், பற்றுச்சீட்டு என்றால் என்னவென்று தொழிலாளருக்கு விளங்கவைத்ததுதான். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அதே விஷயத்தைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது. பயிற்சிப் பட்டறைகளில் எங்களுக்குச் சொல்லித்தரும் கற்பித்தல் முறை எதுவும் இதற்கு ஈடாகாது.

1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத்து மக்களுக்கோ நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டிய நிபந்தனைகள். இருந்தும் 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து ஐயர் அரசாங்க சபைக்குப் போனார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவான பின்னர் அவருடைய செல்வாக்கு தேய்ந்தது. தனியே ஓடிப் பழகியவர். பிறரோடு இணங்கிப்போவது அவருக்குச் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

1947 நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வந்த மற்றச் சட்டத்தின் பெயரிலேயே இந்தியரோடு பாகிஸ்தானியரும் இருக்கிறார்கள். மூட்டை தூக்கிய என் பாட்டனாரும் அதன் கீழ்தான் விண்ணப்பித்தார்.

சென்ற தவணை இதைச் சொல்லி முடித்தபோது, தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையொன்று எழுந்து, உங்கள் பாட்டனாருக்குக் கிடைத்ததா சேர் என்று கேட்டது. கிடைத்தது என்றேன். தன்னுடைய பாட்டிக்கு 2003இல் சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.