படத்துக்கும் இலக்கணம் கண்டவர்

பழைய வரைகலைக் கணிப்பொறிகளைத் தேடிச் சேர்ப்பதில் எனக்குப் பெருவிருப்பம். ஐரோலியில் நான் தங்கியுள்ள அறையில், சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘இண்டி’ ஒன்று இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த பொருள் அது. இதனால் என்ன பயன் என்று நண்பர் பலர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு என்னைவிட நன்றாக விடை கூறவல்லது ஒரு தமிழரின் வாழ்க்கை. அவர்தாம் பேராசிரியர் ரங்கசாமி நரசிம்மன்.

1926இல் சென்னையில் பிறந்த அவர், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கால்டெக்கில் மின்பொறியியலிலும் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்திலும் உயர்பட்டங்கள் பெற்றார். 1954இல் மும்பைக்கு வந்து, ஹோமி பாபா தலைமையேற்றிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அந்நாளில் கணிப்பொறியை விலைக்கு வாங்குவதே அரிது. நாமே செய்வது அதனினும் அரிது. அவ்வரிய செயலையே அவரும் தோழர்களும் மேற்கொண்டனர். குழுவினருள் பலர் கணிப்பொறியைக் கண்ணாலும் கண்டறியாதவர்கள். எனினும், 1956இல் சிறிய முன்மாதிரிப் பொறி இயங்கிற்று. 1960இல் முழுப் பொறி பணிக்கு வந்தது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அப்பொறிக்கு, 1962இல் பிரதமர் நேரு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார்.

என் உள்ளத்தைக் கவர்ந்தது அதன் திரை. கதிர்க்குழாயால் ஆன அத்திரை எழுத்தையும் எண்ணையும் காட்டியதோடு, வரைபடங்களையும் காட்டியது. ஆம், அத்துணை முன்னரே மும்பையில் ஒரு பொறி கோடு வரைந்தது!

1961இல் நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அணுத்துகள்களின் தடங்களைப் பதித்த ஒளிப்படங்கள் ஆய்வாளர்முன் மலைபோற் குவிந்திருந்த காலம் அது. அவற்றைக் கணிப்பொறியே படித்தறிய வழி வேண்டும். அவர் கண்ட வழி இலக்கண வழி. எழுத்துகள் சொல்லாகும், சொற்கள் தொடராகும் என்று பயின்ற நமக்கு அது எளிதில் விளங்கும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும். கோடுகள் கூடி உருவமாகும். ஆகவே, படத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று காட்டினார்.

இண்டியின் வேலையோ இதற்கு நேர் எதிரானது. முனைகளின் எண்களைக் கொடுத்தால் அது கோடும் பரப்பும் ஆக்கிப் படம் தீட்டும். விளக்கத்திலிருந்து படத்துக்குச் செல்வது இண்டி. படத்திலிருந்து விளக்கத்துக்குச் சென்றவர் நரசிம்மன். இதனை உணர்ந்த பின்னரே என் பொறியின் உட்பொருள் எனக்குப் புலப்படலாயிற்று.

தாயகம் திரும்பியவர், 1965இல் தோன்றிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007இல் மறைந்தார்.

டிஃப்ராக் உழைத்தது சில ஆண்டுகளே. 1964இல் அதனினும் விரைவான அயல்நாட்டுப் பொறி அந்நிலையத்துக்கு வந்துவிட்டது. ஆனால், பொறியைச் செய்து கற்றவர்களின் அறிவு நாட்டில் நிலைத்தது. இன்று நம் ஆய்வுக்கூடங்களிலிருந்து பழைய பொறிகள் எடைக்குப் போகின்றன. அவற்றின் செயல்முறையை அறிந்தோரும் ஓய்வு பெற்றுச் செல்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே ஒரு பொறியையேனும் திறந்து, கேட்டறிந்து, தமிழில் குறித்து வைப்போம். நரசிம்மனை நினைவுகூர அதுவே தக்க வழி என்பது என் எண்ணம்.