தனித்தோணிச் செலவினர் ஜான் மக்கிரெகர்

1825-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், வங்காளத்தையும் சீனத்தையும் நோக்கிச் சென்ற ‘கெண்ட்’ என்னும் பெருங்கப்பல் பிஸ்கே விரிகுடாவிற் புயலில் அகப்பட்டது. அடித்தளத்திற் சாராயப் பீப்பாயைப் பார்வையிடச் சென்ற அதிகாரியின் கைவிளக்குத் தவறி விழவே, கப்பலிலே தீப்பற்றியது. மேலே புயல், கீழே நெருப்பு, அதற்கப்பால் வெடிமருந்து அறை! அக்கப்பலில் டங்கன் மக்கிரெகர் என்னும் படைத்தலைவரும், அவர் மனைவியாரும், பிறந்து ஐந்தே வாரமான ஆண்மகவும் இருந்தனர். உயிர் பிழைப்போம் என்னும் நம்பிக்கை அற்ற தந்தையார் சில வரிகள் எழுதிப் புட்டியொன்றில் இட்டுவைத்தார். அப்புட்டி ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்படோஸ் தீவிற் கரையொதுங்கியது. ஆயின் ஆண்டவர் அருளால், அவ்வழி வந்த ‘கேம்பிரியா’ என்னும் சிறு கப்பல் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை அன்றே காத்தது. முதற்படகில் இறக்கப்பட்ட அக்குழவியே பின்னாளில் ஆறுகளிலும் கடல்களிலும் தனியே தோணி செலுத்திப் புகழ்பெற்ற ஜான் மக்கிரெகர்.

டப்ளினிலும் கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியிலும் பயின்று, கணிதத்தில் உயர்நிலைத் தேர்ச்சி எய்தி, வழக்கறிஞரானார். எனினும் அவர் மனம் இலண்டன் மாநகரத் தெருக்களில் திரிந்த ஏழைச் சிறுவர்பாற் சென்றது. 1851-ஆம் ஆண்டு அந்நகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்கு அயல்நாட்டார் திரளாக வந்தனர். கந்தலுடைச் சிறுவர்க்கென நடைபெற்ற இலவசப் பள்ளிகளின் மாணவர்க்குச் செஞ்சட்டை அளித்து, வருவோரின் காலணிகளைத் துடைத்து மெருகிடும் தொழிலில் அவர்களை அமர்த்தினர் மக்கிரெகரும் அவர் நண்பரும். நாட்கூலி போக எஞ்சிய வருவாயில் ஒரு பங்கு சிறுவனுக்கு. ஒரு பங்கு சங்கத்திற்கு. ஒரு பங்கு அவன் பெயரால் சேமிப்பிற்கு. பிச்சையிடாது பிழைக்கக் கற்பித்த இம்முறையை யாம் பெரிதும் மதிக்கிறோம்.

1865-ஆம் ஆண்டு அவர் தமக்கென ஒரு தோணி செய்வித்தார். நீளம் 15 அடி. அகலம் 28 அங்குலம். எடை 80 இராத்தல். வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்கள் செலுத்தும் கயாக்கைப் போல, மேற்புறம் மூடப்பட்டு, ஒருவர் அமர நடுவே இடம் விடப்பட்டது. இருபுறமும் அலகுடைய துடுப்பொன்றே அதனைச் செலுத்தும். காற்று வாய்த்தால் சிறு பாயும் விரிக்கலாம். முன்னோக்கி அமர்ந்து செல்வதால் வழியிலுள்ள பாறையையும் சுழலையும் முன்னரே காணலாம்; முதுகு காட்டிச் செல்லும் படகோட்டிக்கு அவ்வசதி இல்லை. தம் குலத்து வீரன் ஒருவன் பெயரால் அதற்கு ‘ராப் ராய்’ எனப் பெயரிட்டார்.

அவ்வேனிலில் தேம்ஸ், மியூஸ், ரைன், டான்யூப், ரோய்ஸ், மோசெல், சேன் முதலிய ஆறுகளையும், கான்ஸ்டன்ஸ், சூரிக் முதலிய ஏரிகளையும் அத்தோணியிற் கண்டார். நீரில்லாத இடங்களில் தோணி மாட்டு வண்டியிலும் புகைவண்டியிலும் ஏறிற்று! மறு ஆண்டில் நார்வே, சுவீடன், டென்மார்க்கு நாடுகளின் நீர்வழிகளிலும் பால்டிக் கடலிலும் சென்றார்.

ஏழையர்க்கு உழைத்தவர் வேனில்தோறும் நீரில் விளையாடிக் காலம் கழித்தல் தகுமோ? இவ்வினா எம் உள்ளத்திலும் எழுந்தது. 1866-இல் வெளிவந்த அவருடைய முதற்செலவு நூல் பன்முறை அச்சேறியது. அதன் ஊதியத்தை அவர் உயிர்மீட்புப் படகுச் சங்கத்திற்கும், கப்பலுடைந்த மாலுமியரைப் புரக்கும் சங்கத்திற்கும் ஈந்தார். எரியும் கப்பலினின்று எடுக்கப்பட்ட குழவி செலுத்திய கடன் அது என்றே எமக்குத் தோன்றுகிறது.

அவர் செலவுகளுள் எம் மனத்தை மிகக் கவர்ந்தது 1868-69-ஆம் ஆண்டுகளிற் கிழக்கு நாடுகளிற் செய்ததே. திறப்புவிழாக் காணாத சூயெஸ் கால்வாயிலும் நைல் நதியிலும் சென்று, நாகமான் பெருமை பாராட்டிய தமஸ்குவின் நதிகளையும் கண்டு, யோர்தானின் ஊற்றுக்களை அடைந்தார். அங்கிருந்து ஹூலே ஏரியை நோக்கி வருகையில் அராபியர் அவரைச் சூழ்ந்தனர். தோணியை, அதனுள் அவர் அமர்ந்தபடியே, தோள்மேல் தூக்கித் தம் தலைவன் கூடாரத்திற்குக் கொண்டுசென்றனர். மக்கிரெகர் சினவாது தம்மிடமிருந்த வெண்ணிறப் பொடியைத் தலைவனுக்கு நீட்டினார். சர்க்கரை என்றெண்ணி அவன் சுவைத்தான், அஃது உப்பு! எஞ்சியதை அவர் தாமும் உடனே உண்டு, உரக்க நகைத்து, அவன் முதுகிலே தட்டினார். தன் கூடாரத்தில் உடன் உப்புண்ட விருந்தினனுக்குத் தீங்கிழைத்தல் அந்நாட்டார் முறையன்று. உப்பிட்டவரை மறவாத நம் நாட்டார்க்கு இந்நிகழ்ச்சி எளிதில் விளங்கும். பின்னர் விடுதலை பெற்று, நாணல் அடர்ந்த அவ்வேரியைத் துருவி ஆராய்ந்து, ஆண்டவர் அலைகளை அதட்டிய கலிலேயாக் கடலிலும் தோணி செலுத்தினார்.

குறையற்றவர் என அவரைக் கூறோம். சென்றவிடமெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் வழங்கிய அவர், உரோமைச் சபையிடத்துக் காட்டிய கடுமை எமக்கு உடன்பாடன்று. ஆயினும் 1870-இல் இலண்டன் பள்ளிக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஏழைச் சிறுவர் கல்விக்கு உழைத்தமையும், சொற்பொழிவுகளால் வந்த பொருளை அறநிலையங்கட்கு வழங்கியமையும் மறத்தற்குரியன அல்ல. அவர் காட்டிய வழியில் தோணியேறினோர் பலர். அவருள் ஒருவரான ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1876-இல் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் அவ்வாறு சென்று, அதனையே தம் நூலுக்குப் பொருளாக்கினார்.

மக்கிரெகர் 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள், போர்ன்மத் நகரையடுத்த பாஸ்கம் என்னும் கடற்கரை ஊரிற் காலமானார். அவர் துருவிக் கண்ட ஹூலே ஏரியின் பெரும்பகுதி 1950-களில் நீர் வடிக்கப்பட்டு விளைநிலமாயிற்று. பண்டை நாணற்காட்டின் பரப்பை அறிய விழைவோர்க்கு, 1869-இல் அவர் வெளியிட்ட யோர்தான் செலவு நூல் இன்றும் துணைசெய்கின்றது.