கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஏன்? குன்னூர் வரை வந்து தேடிய லூசி வில்ஸ்

கர்ப்பம்னு தெரிஞ்சதும் டாக்டர் எழுதிக் கொடுக்கிற முதல் மாத்திரைகளில் ஒன்று ஃபோலிக் ஆசிட். அதன் கதை தொடங்கியது பம்பாயில்.

லூசி வில்ஸ் 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தது தாவரவியலும் நிலவியலும். பிறகுதான் மருத்துவம், 1920-ல் டாக்டர் ஆனார். 1928-ல் பம்பாய் வந்தார்.

அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. முதலில் கிருமியைத் தேடினார், சிக்கவில்லை. அப்புறம் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். சத்தில்லாத சாப்பாடு சாப்பிட்ட ஏழைப் பெண்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும் எலிகளை வைத்து ஆய்வு செய்தார்.

மருந்து கிடைத்த இடம்தான் ஆச்சரியம். பிரெட்டில் தடவிச் சாப்பிடும் மார்மைட்! பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்வது, விலையும் மலிவு. ரத்தசோகை வந்த குரங்குக்குக் கொடுத்தார், தேறியது. கர்ப்பிணிகளும் தேறினார்கள். 1931-ல் கட்டுரை வெளியானது.

ஆனா அதில் இருந்த சத்து எது என்று அவருக்கே தெரியாது. 'வில்ஸ் ஃபேக்டர்' என்றே அழைத்தார்கள். 1941-ல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள்.

வில்ஸ் 1964-ல் இறந்தார். கருத்தரிக்கும் முன்பே இதைச் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-ல் உறுதியானது. கருத்தரித்து சுமார் 28 நாளில் அந்த வளர்ச்சி முடிந்துவிடும். பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.