ஆசாரமும் ஆத்மகுணமும்
(திருக்கச்சி நம்பிகள் வைபவம்)

கௌதம மஹரிஷி தமது தர்மஸூத்திரத்தில் ஸம்ஸ்காரங்கள் 40 என்றும், தயை, பொறுமை, அஸூயையின்மை, தூய்மை முதலான ஆத்மகுணங்கள் 8 என்றும் வகுத்துள்ளார். நாற்பதும் நிறைந்து எட்டும் இல்லாதவன் பிரஹ்மத்தை அடையான். நாற்பதில் சிலவே வாய்த்தவனாயினும் எட்டும் உடையவன் அடைவான் என்பது அவர் துணிபு. இதற்கு இலக்கியமாக வாழ்ந்தவர் திருக்கச்சி நம்பிகள்.

பூவிருந்தவல்லியில் மாசி மாதம் மிருகசீர்ஷ நக்ஷத்திரத்தில், வைசிய குலத்தில் இம்மஹான் அவதரித்தார். ஆளவந்தாரின் சிஷ்யர்களுள் ஒருவர். காஞ்சியில் பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசும் கைங்கர்யத்தையே வாழ்வாகக் கொண்டார். எம்பெருமான் அர்ச்சா ஸமாதியைக் கடந்து இவருடன் வார்த்தையாடினான் என்பர் பூர்வாசாரியர்கள். தேவராஜாஷ்டகம் இவர் அருளிச்செய்ததே.

1017-இல் அவதரித்த ராமாநுஜர் இளமையில் காஞ்சியில் வாழ்ந்து, சாலைக் கிணற்றிலிருந்து பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமந்து வந்தார். நம்பிகளின் பக்திப் பெருமையை உணர்ந்து, தம்மைச் சிஷ்யராக ஏற்குமாறு அவரை வேண்டினார். வர்ணாசிரம முறையை எண்ணி நம்பிகள் இசையவில்லை. அவர் அமுது செய்த சேஷத்தையேனும் உண்டு உய்வோம் என்று கருதிய ராமாநுஜர், அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார்.

குறித்த நாளில் ராமாநுஜர் நம்பிகளை எதிர்கொண்டழைக்க ஒரு வீதி வழியே செல்ல, நம்பிகளோ வேறு வீதியாக வந்துவிட்டார். கைங்கர்யத்துக்கு நேரமாயிற்று என்று அவர் கூறவே, தேவியார் தஞ்சமாம்பாள் குறைவின்றி அமுது படைத்தார். அவர் சென்றதும் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, நீராடி, மீண்டும் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பி வந்த ராமாநுஜர் இதனைக் கண்டு நெஞ்சுருகி வருந்தினார்.

அம்மையார் தாம் கற்றறிந்த ஆசாரத்தில் ஒன்றையும் தவறவிடவில்லை. ஆயினும், பேரருளாளனே உகந்து பேசும் அடியார் தம் இல்லத்தில் வந்து அமர்ந்திருந்ததை அவர் அறிந்திலர். குலம் கண்ணுக்குப் புலப்பட்டது, குணம் புலப்படவில்லை.

பின்னர் ராமாநுஜரின் ஐயங்களைத் தீர்க்க எம்பெருமான் நம்பிகள் வாயிலாகவே ஆறு வார்த்தைகளை அருளினான். தானே பரதத்துவம்; ஜீவனும் ஈசுவரனும் வேறு; சரணாகதியே உபாயம்; அந்திம ஸ்ம்ருதி வேண்டா; சரீர முடிவில் மோக்ஷம்; பெரிய நம்பிகளை ஆசிரயிப்பது என்பனவே அவை. அதன்படி மதுராந்தகத்தில் ராமாநுஜர் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்றார். அவரை உரிய ஆசாரியரிடம் சேர்ப்பித்தவர், எந்த இலை எறியப்பட்டதோ அந்த இலையில் உண்டவரே.

இதனால் ஆசாரம் வீண் என்று கொள்ளலாகாது. நம்பிகளே தமக்குரிய எல்லையைக் கடந்தவரல்லர். நாள்தோறும் நியமம் தவறாது ஆலவட்டம் வீசியவர். ஆசாரம் பயிருக்கு இடும் வேலி போன்றது. வேலியைக் காப்பதும் வேண்டும். ஆனால் வேலி மட்டும் நின்று பயிர் விளையாதிருப்பின் பயன் யாது?

உத்ஸவ காலத்தில் புனித நீராடித் திருமண் தரித்து ஸேவைக்கு நிற்கும் பக்தகோடிகள், அருகில் நிற்பவரின் குலத்தையும் கோலத்தையும் அளவிடாது, அவரும் எம்பெருமான் உகந்த அடியாராக இருக்கக்கூடும் என்று எண்ணுவாராக. நம்பிகளின் சரிதத்தைக் கேட்டதன் பலன் அதுவேயாகும்.

திருக்கச்சி நம்பிகள் திருவடிகளே சரணம்.